காவலர் இடையில் ஒரு துப்பாக்கி

டில்லியின் கரோல் பாக்கிலோ, மும்பையின் மாதுங்காவிலோ, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலோ பண்டிகைக் காலத்து மாலையில் நாம் கடைவீதிக்குச் செல்கையில் ஒரு காட்சியைக் காண்பதுண்டு. கூட்டத்தின் ஓரத்தில் நாலைந்து காவலர் நிற்பர். அவர்கள் கையில் மூங்கில் தடி இருக்கும். அவர்களுக்குச் சற்று முன்னே நிற்கும் அதிகாரியின் இடையில், தோலுறைக்குள், ஒரு கைத்துப்பாக்கி தொங்கும். நாமும் பூவோ பழமோ வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறோம். ஒரே சட்டத்தின்கீழ், ஒரே கடமையைச் செய்ய வந்தவர்களுள் பலருக்குத் தடியும் சிலருக்குத் துப்பாக்கியும் ஏன் என்று நாம் நின்று எண்ணுவதில்லை. எண்ணிப் பார்ப்போமாயின், அந்தச் சிறு தோலுறைக்குள் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கியிருப்பது புலனாகும்.

நம் மொழியில் உடைவாள் என்றொரு சொல் உண்டு. இடைக்கச்சையில் செருகிச் செல்லும் வாளுக்கு அது பெயர். போர்க்களத்து நெடுவாள் வேறு, உடைவாள் வேறு. உடைவாள் உடையின் ஒரு பகுதி. பகைவனை வீழ்த்துவதற்கு முன்பே, அணிந்தவனது தகுதியை அது பறைசாற்றிவிடும். ஐரோப்பியப் படைகளிலும் அதிகாரியின் விலாப்புறத்து ஆயுதம் என்றால் முதலில் வாளையே குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த இடத்தைச் சுழல் துப்பாக்கி என்னும் ரிவால்வர் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது. வாள் அணிவகுப்புக்கு உரியதாயிற்று. ரிவால்வர் அன்றாடப் பணிக்கு உரியதாயிற்று. எனினும் உடைவாளுக்கு இருந்த பழைய பொருள் அதனோடு ஒட்டிக்கொண்டே வந்தது. ஆயுதமாய் இருந்ததோடு, அது பதவியின் சின்னமாகவும் இருந்தது.

இந்த ஏற்பாடு நம் நாட்டிற்கு வந்த வழியை அறிய, முதலில் இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் பார்க்கவேண்டும். 1829-ஆம் ஆண்டில் இராபர்ட் பீல் இலண்டன் மாநகர்க் காவல் படையை நிறுவியபோது, அது இராணுவத்தின் சாயலைக் கொண்டிருத்தல் கூடாது என்பதில் கருத்தாய் இருந்தார். சாதாரணக் காவலருக்குத் துப்பாக்கி கொடுக்கப்படவில்லை. அங்கிக்குள் மறைத்து வைக்கத்தக்க ஒரு குறுந்தடி மட்டுமே அவர்களது ஆயுதம். ஆனால் அதே ஆங்கிலேயர் அயர்லாந்தில் வேறொரு முறையைக் கைக்கொண்டனர். அங்கிருந்த காவல் படை துப்பாக்கி ஏந்திய படை. பாசறைகளில் வாழ்ந்த படை. அரசுக்கு அடங்காத குடிகளை அடக்கி வைக்கவேண்டும் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்ட படை. தன் ஊரார்க்கு ஒரு காவல், வென்று கொண்ட நாட்டார்க்கு வேறொரு காவல் என்ற நியாயம் அப்போதே வகுக்கப்பட்டுவிட்டது.

அந்த இரண்டாம் மாதிரியே இந்தியாவுக்கு வந்தது. 1843-இல் சிந்து நாட்டைக் கைப்பற்றிய சர் சார்லஸ் நேப்பியர், அயர்லாந்துக் காவல் படையை முன்மாதிரியாகக் கொண்டு அங்கு ஒரு காவல் படையை அமைத்தார். பிற மாகாணங்கள் அதைக் கவனித்தன. 1857-ஆம் ஆண்டின் பெரும் கிளர்ச்சிக்குப் பின் ஆராய்வுக் குழு ஒன்று அமைந்தது. 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டம் பிறந்தது. சென்னை மாகாணம் இதற்கு இரண்டாண்டு முன்னரே, 1859-இல், தனக்கென ஒரு சட்டத்தைப் பெற்றிருந்தது. அயர்லாந்துக் காவல் படைக்காக 1868-இல் பர்மிங்காம் நகரத்து வெப்லி நிறுவனம் ஒரு ரிவால்வரை உருவாக்கியது. இப்படை மாதிரி நம் நாட்டை அடைந்தது போலவே, வெப்லி என்னும் பெயரும் பின்னர் இந்நாட்டுக் காவல் நிலையங்களில் நெடுங்காலம் புழங்கலாயிற்று.

1857-க்குப் பின் ஆட்சியாளர் நெஞ்சில் ஓர் அச்சம் குடிகொண்டிருந்தது. இந்தியன் கையில் நல்ல துப்பாக்கி இருக்கலாகாது என்பதே அது. சிப்பாய்களுக்கு வழங்கப்பட்ட துப்பாக்கிகளின் குழலில், குண்டு குறி தவறாது செல்ல உதவும் திருகு வரிகள் இல்லாமல் செய்யப்பட்டன. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கோ அக்கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளித்தது. பிற்காலத்தில் கல்கத்தாவை அடுத்த இசாப்பூர் தொழிற்சாலையில் படைக்குரிய ரைஃபிள்களைக் காவலருக்கென மாற்றியமைத்தபோதும் இதே எண்ணந்தான் தலைதூக்கியது. குழலின் வரிகளைக் குடைந்து வழுவழுப்பாக்கினர். தோட்டாக்கள் வரிசையாய் அமரும் அறையை மரத்துண்டு கொண்டு அடைத்தனர். பத்துத் தோட்டாக்களைத் தொடர்ந்து சுடவல்ல ஆயுதம், ஒவ்வொன்றாய் இட்டுச் சுடும் மஸ்கட்டாகச் சுருங்கிற்று. ஆயுதம் தருவது போலத் தந்து, அதன் ஆற்றலை எடுத்துக்கொண்ட விந்தை இது.

காவலனுக்குத் தடி, ஆயுதப் பிரிவினனுக்கு மஸ்கட், அதிகாரிக்கு ரிவால்வர் என்ற மூன்று படிகள் இவ்வாறு உருவாயின. அந்த அதிகாரி யார்? 1893 முதல் உயர் காவல் பதவிகளுக்கு இலண்டனில் தேர்வு நடந்தது. அதில் இந்தியருக்கு இடமில்லை. 1902-03-ஆம் ஆண்டுகளின் காவல் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின்னரே துணைக் கண்காணிப்பாளர் என்ற படியில் இந்தியர் அமரலாயினர். உயர் பணித் தேர்வு இந்தியாவிலும் நடக்கத் தொடங்கியது 1921-இல்தான். ஆகவே பன்னெடுங்காலம் உயர் அதிகாரியின் இடையில் தொங்கிய ரிவால்வர், ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே இருந்த கோட்டைப் புறக்கண்ணுக்குக் காட்டும் பொருளாய் இருந்தது.

அந்த ரிவால்வரின் அமைப்பையும் சிறிது காண்போம். 1887-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட வெப்லி, 0.455 அங்குல விட்டமுள்ள கனத்த குண்டைச் சுடுவது. முதல் உலகப் போர்க்காலத்து ஆறாம் மாதிரி தோட்டா இன்றியே ஏறத்தாழ ஒரு கிலோ நூறு கிராம் எடை கொண்டது. அதன் நடுவே ஆறு அறைகள் கொண்ட உருளை. விசையை இழுத்தால் உருளை ஓர் அறை அளவு சுழலும், பின்புறச் சுத்தி எழுந்து வீழும், தோட்டா வெடிக்கும். ஆறும் தீர்ந்தபின் பக்கத்திலுள்ள நெம்பைப் பெருவிரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடங்கிக் குழல் கீழ்நோக்கிச் சாயும். அப்போது விண்மீன் வடிவான ஒரு தகடு மேலெழுந்து, வெற்றுக் கூடுகள் ஆறினையும் ஒருசேர வெளியே தள்ளிவிடும். கைப்பிடியின் அடியில் ஒரு வளையம். அதில் கோத்த கயிறு அதிகாரியின் தோளைச் சுற்றியிருக்கும். குதிரைமேல் செல்கையிலும் கூட்டத்தின் நெரிசலிலும் துப்பாக்கி நழுவிவிடாமலும், எவரேனும் பறித்துக்கொள்ளாமலும் இருக்க அக்கயிறு பயன்பட்டது.

போர் முடிந்தபின், கனத்த குண்டின் உதைப்பைத் தாங்கிக் குறிபார்க்கப் பழகுதல் எளிதன்று எனக் கண்டு, 0.38 அங்குலத் தோட்டாவுக்கு மாறினர். அவ்வகை வெப்லியின் எடை ஏறத்தாழ 760 கிராம். இதுவும், இதனை ஒத்த என்ஃபீல்டு ரிவால்வரும் இந்நாட்டுக் காவல் படைகளில் நெடுநாள் நிலைத்தன. இவை கரடுமுரடான கருவிகள்; மழையையும் புழுதியையும் பொறுப்பவை; பலநாள் உறையிலேயே கிடந்தாலும் எடுத்தவுடன் சுடக்கூடியவை. பெரும்பாலான அதிகாரிகள் தம் பணிக்காலத்தில் என்றோ ஒருநாள்தான் துப்பாக்கியை உருவ நேரும் என்பதால், இந்தப் பொறுமைக் குணமே அதன் முதற் சிறப்பாயிற்று.

அதிகாரியின் ரிவால்வர் பலர் காணத் தொங்கியது. அதை எதிர்க்கத் துணிந்த இளைஞர்களுக்கோ மறைத்து வைக்கத்தக்க ஆயுதம் தேவைப்பட்டது. தட்டையான வடிவும் பிடிக்குள்ளேயே தோட்டா அடுக்கும் கொண்ட பிரௌனிங் போன்ற தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பெருகியபோது, அவை இரகசியமாய் இந்தியாவுக்கும் வந்தன. 1909 டிசம்பரில் நாசிக் நகரத்து நாடக அரங்கில் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டது, இலண்டனிலிருந்து கடத்தி வந்த பிரௌனிங் ஒன்றினால். 1911 ஜூன் 17-ஆம் நாள் நம் மணியாச்சி இரயில் சந்திப்பில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும், பின் தன்னையே மாய்த்துக்கொண்டதும் பிரௌனிங் துப்பாக்கியால்தான்.

இவற்றினும் ஆட்சியாளரைக் கலக்கிய நிகழ்ச்சி 1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவில் நடந்தது. ரோடா என்னும் துப்பாக்கி வணிக நிறுவனத்துக்குக் கப்பலில் வந்திறங்கிய சரக்கில், 50 மௌசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் வழியிலேயே மாட்டுவண்டியில் மறைந்தன. மௌசரின் மர உறையைக் கைப்பிடியோடு பொருத்தினால் அது தோளில் தாங்கிச் சுடும் சிறு ரைஃபிளாகிவிடும். பத்துத் தோட்டாக்களை ஒரே அடுக்காய் ஏற்றலாம். அதிகாரியின் ஆறு தோட்டா ரிவால்வருக்கு அது மேம்பட்டதே. 1915 செப்டம்பர் 9 அன்று ஒரிசாவின் பாலசோர் அருகே பாகா ஜதீன் நான்கு தோழருடன் காவல் படையை எதிர்த்து நின்றது மௌசர்களைக் கொண்டுதான். ரௌலட் தலைமையிலான குழு 1918-இல் கணக்கெடுத்தபோது, 54 வழக்குகளில் அத்துப்பாக்கிகள் பயன்பட்டிருந்தன. 31 மட்டுமே மீட்கப்பட்டிருந்தன.

அடுத்த கட்டம் இலாகூரில். 1928 டிசம்பர் 17 அன்று உதவிக் கண்காணிப்பாளர் சாண்டர்ஸ் சுடப்பட்டார். சுட்டுவிட்டு அகன்ற பகத் சிங்கையும் இராஜகுருவையும் துரத்திச் சென்றவர் சனன் சிங் என்னும் இந்தியத் தலைமைக் காவலர். சந்திரசேகர ஆசாத்தின் குண்டுக்கு அவர் பலியானார். சுட்டவரும் இந்தியர், வீழ்ந்தவரும் இந்தியர். விடுதலைப் போரின் வரலாற்றைப் பெருமையுடன் படிக்கும் நாம், சீருடை அணிந்து தம் கடமை என்று எண்ணியதைச் செய்து மாண்ட இத்தகைய சாதாரண மனிதரையும் ஒரு கணம் நினைத்தல் தகும். அயலார் வகுத்த படிகளுள் கீழ்ப்படியில் நின்றவரே முதலில் ஓடவும் முதலில் விழவும் நேர்ந்தது.

1930 ஏப்ரல் 18 அன்று சிட்டகாங்கில் சூரிய சென் தலைமையில் சென்ற இளைஞர்கள் காவல் ஆயுதக் கிடங்கையே கைப்பற்றினர். துணைப்படையின் கிடங்கும் அவர்கள் வசமாயிற்று. ஆனால் அங்கிருந்த இயந்திரத் துப்பாக்கிகளுக்கு உரிய தோட்டாக்களை அவர்களால் கண்டெடுக்க இயலவில்லை. துப்பாக்கி ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலும் இருந்த பழைய எச்சரிக்கை ஏற்பாடு அன்று அரசைக் காத்தது. மறு ஆண்டு 1931 பிப்ரவரி 27 அன்று அலகாபாத்தின் ஆல்பிரட் பூங்காவில் காவல் கண்காணிப்பாளர் நாட்-போவரும் அவருடைய ஆட்களும் ஆசாத்தைச் சூழ்ந்தனர். ஆசாத் தம் கோல்ட் கைத்துப்பாக்கியால் நெடுநேரம் எதிர்த்துச் சுட்டு அங்கேயே உயிர்நீத்தார். நாட்-போவர் பணி முடிந்து நாடு திரும்பியபோது அத்துப்பாக்கியும் அவருடன் இங்கிலாந்து சென்றது. 1970-களில் அது இந்தியாவுக்குத் திரும்பி, அலகாபாத் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

பகத் சிங்கின் துப்பாக்கிக்கு நேர்ந்த கதி இன்னும் விந்தையானது. அதுவும் ஒரு கோல்ட். பஞ்சாபின் பில்லௌர் காவல் பயிற்சிப் பள்ளியில் கிடந்த அது, 1969-இல் வேறு சில ஆயுதங்களோடு இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளிக்கு அனுப்பப்பட்டது. அங்குப் பல்லாண்டுகள் பெயரின்றிக் கிடந்தது. கருப்புச் சாயம் பூசப்பட்டிருந்ததால் அதன் எண் எவர் கண்ணிலும் படவில்லை. ஏறத்தாழ 2016-ஆம் ஆண்டில் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தபோது, வழக்கு ஆவணத்தில் கண்ட எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒத்திருந்தன. எவருடையது என்ற கேள்விக்கு ஆறிலக்க எண் ஒன்று விடை கூறிவிட்டது.

இந்த எண்ணிலேதான் காவலர் துப்பாக்கியின் அறமும் தங்கியுள்ளது. வீட்டில் இருக்கும் கத்தி போன்றதன்று அது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் உண்டு. வடநாட்டுக் காவலர் கோத் என்று வழங்கும் ஆயுத அறையிலிருந்து அதைப் பெறுபவர் பதிவேட்டில் ஒப்பமிடவேண்டும். தோட்டாக்களை எண்ணிப் பெற்று, எண்ணித் திருப்பவேண்டும். சுட்ட குண்டும் ஊமையன்று. குழலின் வரிகள் அதன்மேல் கீறும் தடம், கைரேகை போல, எந்தத் துப்பாக்கியிலிருந்து அது வந்தது என்று காட்டவல்லது. 1930-இல் கல்கத்தாக் காவல் துறையில் ஆயுத நிபுணர் ஒருவர் நியமிக்கப்பட்டு, இத்தகைய ஆய்வுக்கெனச் சிறு கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. கிளர்ச்சியாளரின் குண்டை அடையாளம் காணத் தொடங்கிய அக்கலை, காவலரின் குண்டையும் அடையாளம் காட்டும் என்பதை நாம் மறத்தலாகாது.

1947-இல் ஆட்சி மாறியது. தோலுறைக்குள் இருந்த கருவி மாறவில்லை. 1948-இல் அபு மலையில் தொடங்கி, 1975-இல் ஐதராபாத்துக்கு மாறிய காவல் பயிற்சிக் கழகத்திலிருந்து புதிய அதிகாரிகள் வெளிவந்தனர். பல மாநிலங்களில் அவர்கள் இடையிலும் அதே 0.38 ரிவால்வரே தொங்கியது. அதற்கான தோட்டாக்கள் இந்திய ஆயுதத் தொழிற்சாலைகளிலேயே உருவாயின. பின்னர் 13 தோட்டாக்கள் கொள்ளும் பிரௌனிங் வகைக் கைத்துப்பாக்கி இசாப்பூரில் தயாராகி, மெல்ல ரிவால்வரின் இடத்தைப் பெறலாயிற்று. அதிகாரியின் ஆயுதம் இவ்வாறு புதுமை பெற, கீழ்ப்படியில் நின்றவரின் ஆயுதம் மிகவும் பின்தங்கியே வந்தது. உத்தரப் பிரதேசக் காவல் படை பழைய 0.303 ரைஃபிளுக்கு விடை கொடுத்தது 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளிலேதான்.

இந்தப் பின்தங்கலின் விலை என்னவென்பதை 2008 நவம்பர் 26-ஆம் நாள் இரவு மும்பை கண்டது. எந்திரத் துப்பாக்கி ஏந்திய பயங்கரவாதிகள் இருவர் காரில் வந்தபோது, கிர்காம் சௌபாத்தியில் காவலர் தடையமைத்து நின்றனர். அங்கிருந்த உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்பளே கையில் இருந்தது ஒரு தடி. இருவருள் ஒருவன் காவலர் சுட்டதில் மாண்டான். மற்றவனாகிய கசாப்பின் துப்பாக்கிக் குழலை ஓம்பளே இரு கைகளாலும் பற்றினார். குண்டுகள் அவர் உடலைத் துளைத்தன. அவர் பிடியை விடவில்லை. அவர் தாங்கி நின்ற அந்தச் சில நொடிகளில் உடனிருந்தோர் கசாப்பை உயிருடன் பிடித்தனர். 2009-இல் அவருக்கு அசோக சக்கர விருது, மறைவுக்குப் பின், வழங்கப்பட்டது. அவ்வீரத்துக்கு நாம் தலை வணங்குவோம். அதே நேரத்தில், அத்தகைய இரவில் அவர் கையில் தடி மட்டும் இருந்தது ஏன் என்ற வினாவையும் நாம் தள்ளிவிட முடியாது. கீழ்நிலைக் காவலனை நம்பி நல்ல ஆயுதம் தராத பழக்கம் 1857-இன் அச்சத்தில் தோன்றியது. அச்சம் கொண்டிருந்தோர் கப்பலேறிப் போன பின்னும், பழக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

எனில், எல்லாக் காவலர் இடையிலும் துப்பாக்கியைத் தொங்கவிடுவதே விடையாகுமா? அதுவும் அன்று. துப்பாக்கி பெருகினால் தவறும் பெருகக்கூடும். தவறான குண்டைத் திரும்ப அழைக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது. அதனால்தான் சட்டம் பல வேலிகளை இட்டிருக்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும் முயற்சியில் அவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பது, பழைய குற்ற நடைமுறைச் சட்டத்திலிருந்து 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம்வரை தொடரும் விதி. காவலர் சுட்டு உயிரிழப்பு நேர்ந்தால் சுட்டவர் தம் ஆயுதத்தை ஆய்வுக்கு ஒப்படைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் நெறி வகுத்தது.

ஆள்வோர் தம் பதவியைக் காட்டவும், குடிகளை அஞ்ச வைக்கவும் அணிந்த ரிவால்வர் ஒரு காலத்தது. குடியரசில் அதே கருவிக்குப் பொருள் வேறு. அது அதிகாரியின் உடைமை அன்று. மக்கள் எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்பப் பெறும் ஒப்படைப்பு. அதை ஏந்துபவருக்கு நல்ல ஆயுதமும் நல்ல பயிற்சியும் தருவது அரசின் கடன். சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் கணக்குக் கேட்பது மக்களின் கடன். சொந்த ஊரை விட்டு வந்து, வேறு மொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு, இரவில் அச்சமின்றி வீடு திரும்ப உதவுபவர் பெரும்பாலும் தடி ஏந்திய அந்தக் காவலரே. அடுத்த முறை கடைவீதியில் அவரையும், அவர் முன்னே நிற்கும் அதிகாரியையும் காணும்போது, இருவருக்கும் இடையே உள்ள அந்தப் பழைய கோட்டை நாம் நினைவு கொள்வோம்.